வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த ஜாஸ் கச்சேரி

சீதாலெட்சுமிக்கு இரண்டு குரல்கள். பகலில் ஒன்று, பொழுது சாய்ந்தால் இன்னொன்று.

பகல் குரல் போர்ட் கிள்ளான் முழுக்கப் பிரசித்தம். எந்த லோரி எந்த நேரத்தில் எந்தக் கிடங்கு வாசலில் நிற்க வேண்டும் என்று போனில் விரட்டுகிற வேலை அவளுக்கு. மீசையை முறுக்கிக்கொண்டு திரியும் ஓட்டுநர்கள்கூட அவள் அழைப்பு வந்தால் வாயில் இருக்கும் ரொட்டி சானாயை அவசரமாக விழுங்கிவிட்டுத்தான் எடுப்பார்கள். "அண்ணே, எங்க இருக்கீங்க? மேரு சிக்னல்லயா? நேத்து கேட்டப்பவும் மேரு சிக்னல்லதான் இருந்தீங்க. அங்கயே வீடு கட்டி குடி போயிட்டீங்களா?" என்பாள். கேட்டவருக்குக் கோபம் வராது, லோரிதான் வேகமாக வரும்.

மாலைக் குரலை அந்த ஓட்டுநர்களில் ஒருவரும் கேட்டதில்லை. வெள்ளி, சனிக்கிழமைகளில் கோலாலம்பூரில் ஒரு ஹோட்டலின் முன்கூடத்தில், பியானோவின் ஓரமாக நின்று, அமெரிக்காவின் பழைய பாட்டுகளைப் பாடுவாள். நம்முடைய பாட்டி காலத்தில் அந்த ஊர் நாடக மேடைகளுக்கும் நடன மண்டபங்களுக்கும் எழுதப்பட்ட காதல் பாட்டுகள் அவை. எழுதியவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பாட்டுகள் மட்டும் ஊர் ஊராக, வாய் வாயாகச் சுற்றிக்கொண்டிருக்கின்றன. யார் வேண்டுமானாலும் தன் இஷ்டத்துக்கு இழுத்து, வளைத்துப் பாடிக்கொள்ளலாம். அதுதான் ஜாஸ் என்பதன் சுகமே. தாளம் ஒரு பக்கம் போய்க்கொண்டிருக்கும். பாடுகிறவள் அவசரமே இல்லாமல் பின்னால் நடந்து வருவாள். இதோ தவறவிட்டுவிட்டாள் என்று நாம் பயப்படும்போது சரியாக வந்து சேர்ந்துகொள்வாள்.

கிள்ளானில் பிறந்த பெண்ணுக்கு இந்தப் பாட்டு எங்கிருந்து வந்தது என்று கேட்டால், ரேடியோதான். அவள் அப்பா வீட்டில் ஆங்கில அலைவரிசை ஓடினால் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் வந்துவிடும் என்று நம்பி, அதை அணைக்கவே விடமாட்டார். தம்பிகளுக்கு இங்கிலீஷ் வந்தது. சீதாலெட்சுமிக்குப் பாட்டு வந்தது.

மேடை ஏறியது தற்செயல். கம்பெனியின் ஆண்டு விருந்துக்கு ஏற்பாடு செய்திருந்த பாடகி டிராஃபிக் ஜாமில் மாட்டிக்கொள்ள, "சீதா, போன்ல கத்துறியே, மேடையில கத்து லா," என்று முதலாளி தள்ளிவிட்டார். அன்றைக்குப் பியானோ வாசித்தவன் ஜாகிர். போர்ட் கிள்ளானில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளை. கடையில் துணி கிழிப்பதை விட்டுவிட்டுப் பியானோ தட்டப் போனதற்காக அவன் வாப்பா ஒரு வருஷம் அவனோடு பேசவில்லை. அவள் பாடி முடித்ததும் அவன் கேட்டது ஒன்றுதான். "அக்கா, அடுத்த வெள்ளிக்கிழமை ஃப்ரீயா?"

அந்த வெள்ளிக்கிழமை இருபது வருஷமாக நீண்டுகொண்டிருக்கிறது.

ஆனால் ஹோட்டல் முன்கூடத்தில் பாடுவது என்பது கல்யாண வீட்டு நாதஸ்வரம் மாதிரி. வாசிக்காவிட்டால் ஏன் வாசிக்கவில்லை என்பார்கள். வாசித்தால் கேட்கமாட்டார்கள். ஒருவர் கேக் தின்பார், ஒருவர் போனில் வியாபாரம் பேசுவார், ஒரு குழந்தை பியானோவுக்கு அடியில் படுத்துக்கொள்ளும். ஒருமுறை மூலை மேசையில் இருந்த மனிதர் அவளைப் பார்த்துக் கையை உயர்த்தினார். யாரோ ஒருவர் பாட்டு கேட்கிறார் என்று அவளுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. சிரித்துக்கொண்டே தலையசைத்தாள். அவர் உரக்கச் சொன்னார், "மிஸ், பில்!"

இதற்கெல்லாம் அவள் வருத்தப்பட்டதில்லை. வந்து சொல்லி வயிறு வலிக்கச் சிரிப்பாள். வருத்தம் வேறு ஒன்றில்தான் இருந்தது. அவள் கணவர் கார்த்திகேசு அவள் மேடையில் பாடி ஒரு பாட்டைக்கூட முழுசாகக் கேட்டதில்லை.

கார்த்திகேசு கெட்டவர் இல்லை. தங்கமான மனிதர். ஆனால் அந்தத் தங்கம் முழுக்க ஒரு கடைக்குள் பூட்டிக் கிடந்தது. கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் ஒரு குறுக்குச் சந்தில் அவர் உணவகம். மத்தியானம் வாழையிலைச் சாப்பாடு, மாலையில் தோசை, சப்பாத்தி. தோசைக்கல்லை மட்டும் யாரிடமும் கொடுக்கமாட்டார். மாஸ்டர் சுகுமாறன் தமிழ்நாட்டிலிருந்து வேலை பெர்மிட்டில் வந்து பத்து வருஷமாகக் குழம்பு, பொரியல் எல்லாவற்றையும் ஆண்டுகொண்டிருந்தார். அவர்கூடக் கல்லுக்கு இந்தப் பக்கம்தான் நிற்க வேண்டும். கல் முன்னால் நின்றுவிட்டால் கார்த்திகேசுவுக்கு உலகம் மறந்துபோகும். வாய்க்குள் ஏதோ முனகிக்கொண்டே ஊற்றுவார். சாமி பாட்டாக இருக்கும் என்று சுகுமாறன் தொந்தரவு செய்வதில்லை.

"இன்னிக்கு ஹோட்டலுக்கு வாங்களேன்," என்று சீதா கேட்கும்போதெல்லாம் ஒரே பதில்தான். "கடைய யாரு பாக்குறது?"

ஒரே ஒரு தடவை வந்தார். சலவைச் சட்டை போட்டு, முன் மேசையில், ஒரு கோப்பியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவள் ஜாகிரைப் பார்த்துத் தலையசைத்தாள். ஆசைப்பட்ட பாட்டைத் தொடங்கி இரண்டு வரி போயிருக்காது, அவர் போன் அடித்தது. கடையில் கேஸ் தீர்ந்துவிட்டது. மன்னிப்புக் கேட்பது மாதிரி ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார். மீதிப் பாட்டை அவள் அவர் முதுகுக்குத்தான் பாடினாள்.

அதற்குப் பிறகு அவள் கேட்பதை விட்டுவிட்டாள். ஆனால் விடியற்காலையில் வீட்டில் பாடுவதை விடவில்லை. தேநீர் போடும்போது, சீலை மடிப்பு எடுக்கும்போது, அதே பாட்டைத்தான் முனகுவாள். விளக்கை அணைக்காமல் ஒருவனுக்காகக் காத்திருக்கிற பெண்ணின் பாட்டு. பாட்டு பாதி வரும்போது கிள்ளானுக்குப் போகும் ரயிலுக்கு நேரமாகிவிடும். கேட்டைச் சாத்துகிற சத்தத்தோடு பாட்டு அறுந்துபோகும். கார்த்திகேசு அப்போது தினசரியில் முகத்தைப் புதைத்துக்கொண்டிருப்பார். சுவருக்குப் பாடினாலும் ஒன்றுதான், இவருக்குப் பாடினாலும் ஒன்றுதான் என்று அவள் நினைத்துக்கொள்வாள்.

இப்படி இருக்கும்போதுதான் விஷ்ணுப்ரியா வந்து சேர்ந்தாள். கார்த்திகேசு கடையிலிருந்து நாலு கடை தள்ளி, மாடியில், மூடிப்போன ஒரு டியூஷன் சென்டரை வாடகைக்கு எடுத்துச் சின்ன அரங்கமாக மாற்றியிருந்தாள் அந்தப் பெண். கரும்பலகையைக் கழற்றிய தடம்கூடச் சுவரில் அப்படியே இருந்தது.

"அக்கா, நீங்க இங்க முழு கான்சர்ட் பண்ணணும். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு. டிக்கெட் வாங்கி வந்து உக்காந்து கேப்பாங்க. சாப்பாடு கிடையாது, கோப்பி கிடையாது, பேச்சு கிடையாது. உங்க பாட்டு மட்டும்தான்."

பாட்டு மட்டும்! சீதாலெட்சுமிக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. காலையில் கணவரிடம் சொன்னாள். அவர் "கடைய" என்று ஆரம்பிக்கும்போதே கையை நீட்டித் தடுத்தாள். "கடைய சுகுமாறன் பாப்பாரு. நாலு கடை தள்ளிதான். நீங்க வரீங்க. ஒரு பாட்டாவது முழுசா கேக்குறீங்க. இத்தன வருஷத்துல நான் வேற எதுவும் கேட்டதில்ல."

லோரிக்காரர்களை விரட்டுகிற குரல் அது. ஆனால் கடைசி வார்த்தையில் லேசாக உடைந்துவிட்டது. கார்த்திகேசு பத்திரிகையைக் கீழே வைத்தார். "வரேன் லா. கண்டிப்பா வரேன்," என்றார்.

அவர் சொன்னால் சொன்னதுதான். தொல்லை வேறு பக்கத்திலிருந்து வந்தது.

சீதா கச்சேரி விளம்பரத்தைச் சொந்தக்காரர்களின் வாட்சாப் குழுவில் போட்டாள். உடனே மடமடவென்று கும்பிடுகிற கைகள் வந்தன, பூங்கொத்துகள் வந்தன, "வாழ்க வளமுடன்" வந்தது. டிக்கெட் வாங்க ஒருவரும் வரவில்லை. ஒரு வாரம் இருக்கும்போது விஷ்ணுப்ரியா கடைக்கு வந்து, பாதி நாற்காலிகூட நிரம்பவில்லை என்று தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"எல்லாரையும் வீடு வீடா போய் வெத்தல பாக்கு வெச்சா கூப்பிட முடியும்?" என்றாள் சீதா சலிப்போடு.

கல்லில் தோசையைத் திருப்பிக்கொண்டிருந்த கார்த்திகேசு நிமிர்ந்தார். "ஏன் முடியாது? போன்ல படம் அனுப்புனா யாரு வருவா? மனுசன மதிச்சு நேர்ல போய் சொல்லணும். மிச்ச டிக்கெட்டெல்லாம் எங்கிட்ட குடு மா, நான் பாத்துக்குறேன்."

மனைவிக்காக அவர் செய்யப் புறப்பட்ட முதல் காரியம். யார் தடுப்பார்கள்? மத்தியானப் பந்தி முடிந்ததும் தினமும் வேனை எடுத்துக்கொண்டு கிளம்பினார். ஒரு நாள் கிள்ளான், ஒரு நாள் மேரு, ஒரு நாள் பந்திங். வெள்ளித் தட்டில் வெற்றிலை, பாக்கு, சந்தனம், குங்குமம், கற்கண்டு, அதன்மேல் டிக்கெட். பேசுவதில் மனிதர் சிக்கனம். ஜாஸ் என்றால் என்ன என்று அவருக்கே தெரியாதபோது அடுத்தவருக்கு எப்படி விளக்குவார்? ஒவ்வொரு வீட்டு வாசலிலும் தட்டை நீட்டி ஒரே வசனத்தைத்தான் சொன்னார். "ஞாயித்துக்கிழமை நம்ம விசேஷம். சீதா பாடுது. குடும்பத்தோட அஞ்சு மணிக்கெல்லாம் வந்துடணும்."

வெற்றிலை பாக்குத் தட்டோடு ஒருவர் வாசலில் வந்து நின்றால் நம் ஆட்கள் என்ன நினைப்பார்கள் என்பதை இந்த மனிதர் ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. தட்டைக் கையால் தொட்டு வாங்கியவர்களும் என்ன விசேஷம் என்று முகத்துக்கு நேரே கேட்கவில்லை. அழைக்க வந்தவரை அப்படிக் கேட்பது மரியாதையா? அவர் போன பிறகு அவரவர் தோதுக்கு முடிவு செய்துகொண்டார்கள். பினாங்கில் படிக்கும் அவர் மகளுக்கு நிச்சயம் என்றார்கள் கிள்ளானில். கார்த்திகேசுவுக்கு அறுபதாம் கல்யாணம் என்றார்கள் பந்திங்கில். அவருக்கு ஐம்பத்து நாலு வயதுதான். ஆனால் அடுப்புச் சூட்டில் நிற்பவருக்கு ஆறு வயது கூட்டிச் சொன்னால் யாரும் சண்டைக்கு வரப்போவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை நாலரை மணிக்கே படி ஏற ஆரம்பித்துவிட்டார்கள். பட்டுச் சேலை சரசரக்க, மல்லிகை மணக்க, தலை நிறைய எண்ணெய் வைத்த குழந்தைகளை இடுப்பிலும் கையிலும் பிடித்துக்கொண்டு வந்தார்கள். டிக்கெட் கிழிக்க நின்ற விஷ்ணுப்ரியாவின் கையில் மொய்க் கவர்களைத் திணித்தார்கள். "பொண்ணு எங்கம்மா?" என்று அவளிடமே கேட்டார்கள். ஒரு குடும்பம் ரிப்பன் கட்டிய ரைஸ் குக்கரை மேடையில் கொண்டுபோய் பியானோ மேல் வைத்தது. அதிகாலையிலிருந்து சாப்பிடாமல் வயிற்றைக் காயப்போட்டு வந்தவர்கள்கூட அதில் உண்டு.

மேடைக்குப் பின்னால் ஜாகிர் திரையை விலக்கிப் பார்த்தான். "அக்கா, இது கச்சேரியா, கல்யாணமா?"

சீதா பதில் சொல்வதற்குள் கதவைத் திறந்துகொண்டு அஞ்சம்மாள் உள்ளே வந்தாள். கார்த்திகேசுவின் அக்கா. பந்திங்கில் அவள் இல்லாமல் ஒரு வீட்டில் பால்கூடக் காய்ச்சமாட்டார்கள். வந்தவள் சீதாவை மேலும் கீழும் பார்த்தாள். சீதா கச்சேரிக்கென்று கறுப்பில் நீள கவுன் தைத்துப் போட்டிருந்தாள்.

"ஏன்டி, விசேஷத்துக்கு யாராச்சும் கறுப்பு உடுத்துவாங்களா?" என்று தன் தலையிலிருந்த மல்லிகைச் சரத்தில் பாதியை அறுத்து அவள் கொண்டையில் செருகினாள். "அது போவட்டும். சாப்பாட்டு ஹால் எந்தப் பக்கம்? கீழயா, மேலயா?"

"சாப்பாடா? சாப்பாடு இல்லையே அண்ணி. இது பாட்டுக் கச்சேரி."

அஞ்சம்மாளின் வாய் திறந்தது திறந்தபடி நின்றது. அவளுக்குப் பின்னால் வந்து நின்ற கார்த்திகேசுவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்! தன் தட்டு செய்த வேலை அந்த நிமிஷத்தில்தான் அவருக்கு உறைத்தது.

"எல்லாரும் பசியோட வந்திருக்காங்களா?" என்றார் மெல்ல.

"வெத்தல பாக்கு வெச்சு கூப்பிட்டா பசியோட வராம, பசியாறிட்டா வருவாங்க?"

வாழ்நாள் முழுக்கப் பிறருக்கு இலை போட்ட மனிதர். வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தவர்களை வெறும் வயிற்றோடு அனுப்புவதைவிடப் பெரிய பாவம் அவர் அகராதியில் இல்லை. சலவைச் சட்டையின் கையை மடித்துக்கொண்டார்.

"சீதா, அரை மணி நேரம். சுகுமாறன் ஒத்த ஆளு சமாளிக்க முடியாது. மாவு இருக்கு. ஊத்தி அடுக்கிட்டு ஓடி வந்துடுறேன்."

"என்னங்க..."

"அரை மணி நேரந்தான் லா!"

படிகளில் அவர் தடதடவென்று இறங்குகிற சத்தம் கேட்டது. கல்லுக்கு முன்னால் போய் நின்றால் அவருடைய அரை மணி நேரம் எவ்வளவு நீளும் என்பது சீதாவுக்குத் தெரியாதா? மறுபடியும் அதே முதுகு. அழுதால் மை கரையும் என்பதால் மட்டும் அழவில்லை.

மணி அடித்துவிட்டது. அவள் மேடை ஏறினாள்.

ஜாகிர் ரைஸ் குக்கரை எடுத்துக் கீழே வைத்துவிட்டு வாசிக்கத் தொடங்கினான். பேஸ் என்கிற பெரிய தந்திவாத்தியம் வாசிக்கும் சீனரும் டிரம்ஸ் வாசிக்கும் மலாய்க்காரரும் சேர்ந்துகொண்டார்கள். முதல் பாட்டு துள்ளலான பாட்டு. சபையில் பேச்சு குறைவதாக இல்லை. "நிச்சயந்தானே? மாப்பிள்ள வீட்டுக்காரங்க எங்க?" "கேக்கு வெட்டுவாங்களோ?" குழந்தைகள் நாற்காலிகளுக்கு இடையே ஓடிப்பிடித்தார்கள். ஜாகிர் குனிந்து, "அக்கா, நம்ம ஹோட்டலே தேவலாம் போலிருக்கு," என்றான்.

சீதாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கோபம் வந்தால் அவளுக்கு எந்தக் குரல் வரும் என்று போர்ட் கிள்ளானுக்குத் தெரியும். பாட்டு முடிந்ததும் மைக்கைக் கழற்றிக் கையில் எடுத்தாள். அதுவரை இங்கிலீஷில் "குட் ஈவினிங்" சொல்லிக்கொண்டிருந்தவள் தமிழுக்கு வந்தாள்.

"எல்லாருக்கும் வணக்கம். எங்க வீட்டுக்காரரு முறையா வந்து கூப்பிட்டாரு, நீங்களும் மதிச்சு வந்திருக்கீங்க. சந்தோசம். இது நிச்சயம் இல்ல, அறுபதாம் கல்யாணமும் இல்ல. நான் பாடுறேன், அதான் விசேஷம். சாப்பாடு இருக்கு. ஆனா நம்ம பழக்கத்துல தாலி கட்டுறதுக்கு முன்னாடி பந்தி போடுவாங்களா?"

"மாட்டாங்க!" என்று பின்வரிசையில் ஒரு கிழவர் குரல் கொடுத்தார். சபை கொல்லென்று சிரித்தது.

"அப்ப பாட்டுதான் இன்னிக்கு தாலி. கடைசிப் பாட்டு முடிஞ்சாதான் இலை. அந்தக் கடைசிப் பாட்ட எங்க வீட்டுக்காரரு இங்க வந்து உக்காராம நான் பாடப்போறதில்ல. அவரு இப்ப கீழ தோசை ஊத்திக்கிட்டு இருக்காரு. அவ்ளோதான். ஜாகிர், அடுத்தது!"

அடுத்த பாட்டுக்கு ஓர் இரைச்சல் இல்லை. முறை என்ன என்று தெரிந்துவிட்டால் நம் சனங்களைப் போல் ஒழுங்கானவர்கள் உலகத்தில் கிடையாது. குழந்தைகளை மடியில் இழுத்துப்போட்டுக்கொண்டு கேட்டார்கள். கேட்கக் கேட்கத் தலைகள் ஆட ஆரம்பித்தன. வார்த்தை புரியாவிட்டால் என்ன, ஒரு பெண் கொஞ்சுகிறாளா, கோபிக்கிறாளா, ஏங்குகிறாளா என்று காதுக்குத் தெரியாதா? அவள் தாளத்துக்குப் பின்னால் தங்கித் தங்கிப் பாடும்போது கிள்ளான்காரர் ஒருவர் "அட!" என்றார். இருபது வருஷத்தில் அவளுக்குக் கிடைத்த முதல் "அட". அதற்குள் அஞ்சம்மாள் எழுந்து வெளியே போனதை அவள் பார்த்தாள். கைப்பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு அவள் போன வேகமே சரியில்லை.

கீழே நடந்ததைச் சுகுமாறன் இன்றைக்கும் வாடிக்கையாளர்களுக்கு நடித்துக் காட்டுவார். கல்லில் ஆறு தோசைகள். அஞ்சம்மாள் உள்ளே வந்து தம்பியின் சட்டைக் காலரைப் பிடித்தாள்.

"டேய் கார்த்தி, பூவும் பொட்டுமா பொண்டாட்டி மேடையில காத்துக்கிட்டு நிக்குறா. மாப்பிள்ள அடுப்படியில நிக்குறியே, வெக்கமா இல்ல?"

"அக்கா, எல்லாருக்கும் பசி..."

"எங்க பசிய நாங்க பாத்துக்குறோம். நீ மொதல்ல மேல ஏறு!"

"கல்ல யாரு பாக்குறது?"

"இந்தத் தம்பி கைக்கு என்ன கேடு?"

கார்த்திகேசு தோசைக் கரண்டியைப் பார்த்தார், சுகுமாறனைப் பார்த்தார். பத்து வருஷமாக வேறு யாரும் தொடாத கரண்டி கை மாறியது. சுகுமாறன் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாராம்.

மேலே எல்லாப் பாட்டும் முடிந்து, ஒன்றுதான் பாக்கி இருந்தது. சீதா தண்ணீர் குடிக்கிற சாக்கில் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சபையும் திரும்பி வாசலைப் பார்த்தது. கதவு திறந்தது. மாவு தெறித்த சட்டையும் வேர்த்து வழியும் முகமுமாகக் கார்த்திகேசு உள்ளே வந்தார். அக்கா பின்னாலிருந்து தள்ள, முன்வரிசையில் நடு நாற்காலியில் போய் உட்கார்ந்தார். உட்காரும்போதே அவர் போன் அடித்தது. அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டது. அவர் அதை எடுத்து, யாரென்று பார்க்காமலே அஞ்சம்மாளின் கையில் கொடுத்தார். அவள் அதை அணைத்துக் கைப்பைக்குள் போட்டு, ஜிப்பை இழுத்து மூடினாள்.

சீதாலெட்சுமி கடைசிப் பாட்டைத் தொடங்கினாள். விளக்கை அணைக்காமல் காத்திருப்பவளின் பாட்டு.

அவள் சபையைப் பார்க்கவில்லை. மாவு தெறித்த அந்தச் சட்டையைத்தான் பார்த்தாள். அவர் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். இரண்டாவது அடி முடிகிற இடத்தில், வழக்கம்போல் அவள் தாளத்தை முன்னால் போகவிட்டுத் தான் பின்தங்கினாள். பியானோவும் நின்றது. ஒரு மூச்சு நேரம் முழு நிசப்தம்.

அந்த நிசப்தத்தில் ஒரு கட்டைக் குரல், "ம்ம்... ம்ம்ம்..." என்று அடுத்த வரியை முனகியது.

கார்த்திகேசுவின் குரல்தான். கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தான் முனகுவது அவருக்கே தெரியவில்லை. வலது கை மட்டும் காற்றில் ஒரு வட்டம் போட்டது, கல்லில் மாவைத் தேய்க்கிற மாதிரி. ஒரு சுரம் பிசகவில்லை. சுவருக்குப் பாடியதாக அவள் நினைத்த பாட்டு அத்தனையும் அந்த மனிதருக்குள் போய் உட்கார்ந்திருந்தது. தினமும் கல் முன்னால் நின்று அவர் முனகியது சாமி பாட்டு இல்லை.

ஜாகிர் முதலில் சிரித்தான். பிறகு மெதுவாக, அந்த முனகலுக்கு ஏற்றபடி சுருதி கொடுத்தான். சீதா பாடவில்லை. பாட முடியவில்லை என்பதுதான் உண்மை. கண்ணிலிருந்து தாரை தாரையாக வழிந்தது, மையும் சேர்ந்தே வழிந்தது. வழியட்டும் என்று விட்டுவிட்டாள்.

திடீரென்று முனகல் நின்றது. பாட்டின் பாதியில், காலையில் கேட் சாத்துகிற அந்த இடத்தில். அதற்கு மேல் அவருக்குத் தெரியாது. கண்ணைத் திறந்தவர், எல்லாரும் தன்னைப் பார்ப்பதைக் கண்டு வெலவெலத்துப் போனார்.

அந்த இடத்திலிருந்து அவள் எடுத்துக்கொண்டாள். மீதிப் பாட்டை, கடைசி எழுத்துவரை, அவர் முகத்தைப் பார்த்துப் பாடி முடித்தாள். கைத்தட்டலில் டியூஷன் சென்டர் காலத்து ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. பின்வரிசைக் கிழவர் "இப்ப இலை போடலாம்!" என்று கத்தினார்.

கார்த்திகேசு மட்டும் தட்டவில்லை. மேடையருகே வந்து, அவளை அண்ணாந்து பார்த்து, குழந்தை மாதிரிக் கேட்டார்.

"இந்தப் பாட்டுக்கு முடிவு இருக்கா? நான் கேட் சாத்துறதோட முடிஞ்சிடும்னு இல்ல நெனச்சிக்கிட்டு இருந்தேன்!"

பிறகு சந்து முழுக்க மேசை போட்டுச் சாப்பாடு நடந்தது. சுகுமாறனின் தோசைகளில் சில ஆஸ்திரேலியா வரைபடம் போல இருந்தன. யாரும் குறை சொல்லவில்லை. மொய்க் கவர்களை அஞ்சம்மாள் பிரிக்காமலே கொண்டுவந்தவர்களுக்குத் திருப்பிக் கொடுத்தாள். ரைஸ் குக்கரை மட்டும் யாருடையது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அது இன்றும் விஷ்ணுப்ரியாவின் அரங்கத்தில் இருக்கிறது.

மறுநாள் காலை சீதாலெட்சுமி வழக்கம்போல் தேநீர் போட்டாள், பாடினாள், பையை எடுத்துக்கொண்டு கேட்டைத் திறந்தாள். பாட்டு வழக்கமான இடத்தில் நின்றது. பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. தினசரியைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி கார்த்திகேசு வாசல்வரை வந்து நின்றார்.

"மீதி?" என்றார்.

அவள் கேட்டைப் பிடித்துக்கொண்டு மீதியையும் பாடினாள். அன்றைக்குக் கிள்ளான் ரயில் அவளை விட்டுவிட்டுப் போய்விட்டது. போர்ட் கிள்ளானில் லோரி ஓட்டுநர்கள் ஒரு மணி நேரம் நிம்மதியாகப் பசியாறினார்கள்.